ஆகோத்தா நின்ற நிலைப்படி

மங்கோலியப் படை மேற்கே போய், எதிர்ப்பட்ட ஊர்களையெல்லாம் குளம்படியில் தேய்த்து, ஹங்கேரி தேசத்து ஆறுகளை அவை உறைந்து கிடக்கும் நேரம் பார்த்துத் தாண்டி, பெரிய கான் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்ததும் வந்த வழியே திரும்பிப் போனது என்று சரித்திரக்காரர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். எழுதட்டும். போனவர்கள் வெறுங்கையோடு போகவில்லை என்பதுதான் நமக்கு வேண்டிய சங்கதி. தங்கத்தையும் வெள்ளியையும் மூட்டை கட்டியதோடு நிற்காமல், கொல்லன், தச்சன், பொன்வேலைக்காரன், தோல் பதனிடுகிறவன் என்று கையில் தொழில் இருந்தவர்களையெல்லாம் வெட்டாமல் விட்டுவைத்து, கயிற்றில் கோத்துக் கூட்டிப்போனார்கள். அந்தக் கயிற்றில் திஸா ஆற்றங்கரைக்காரி ஒருத்தியும் இருந்தாள். கம்பளிக்குச் சாயம் போடுகிறவள், பெயர் ஆகோத்தா. அவள் புருஷனிடம் தொழில் ஒன்றும் இல்லை, வெறும் நல்ல மனிதன், அதனால் அவன் ஆற்றங்கரையிலேயே கிடந்துவிட்டான்.

அவள் வயிற்றில் அப்போது பிள்ளை இருந்தது. வழியில், வோல்கா ஆற்றைத் தாண்டிய பிறகு, மாட்டுவண்டியின் மேல் போட்ட கம்பளிக் கூரைக்கு அடியில் பெண் குழந்தை பிறந்தது. அம்மா அதற்கு விலோ என்று பெயர் வைத்தாள். கூடாரத்தார் செசெக் என்று கூப்பிட்டார்கள். பெயரில் என்ன வந்துவிடப் போகிறது என்று அன்றைக்கு அவள் நினைத்திருப்பாள். ஆனால் அந்த ஜனங்களிடம் ஒரு சட்டம் உண்டு: கம்பளிக் கூரைக்கடியில் பிறந்தது எதுவானாலும், குட்டியானாலும் கன்றானாலும் குழந்தையானாலும், அது கூரைக்குச் சொந்தம். தாய் எங்கிருந்து வந்தாள் என்று எந்தக் கன்றையும் யாரும் கேட்பதில்லை.

அந்தக் கூரைக்குச் சொந்தக்காரி அல்தானி. ஆயிரம் குதிரைக்காரர்களுக்குத் தலைவனாக இருந்தவனின் விதவை, குண்டான முகம், குறைந்த பேச்சு. புல்லிருக்கும் பக்கமெல்லாம் கூடாரத்தைப் பிரித்து வண்டியில் ஏற்றி, போகிற இடத்தில் மறுபடி விரித்துக் கட்டுவார்கள். தட்டி மாறும், கம்பளி மாறும், கயிறு மாறும், ஆனால் வாசல்நிலை மட்டும் மாறாது. அது அல்தானி கல்யாணமாகி வரும்போது அப்பன் வீட்டிலிருந்து கொண்டுவந்த நிலை. அப்பன் வீட்டை அதற்கப்புறம் அவள் பார்க்கவில்லை, நிலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிலைப்படியை மிதிக்கக் கூடாது. நம் ஊரிலும் வாசற்படியில் நின்றால் ‘உள்ளே வா, இல்லாட்டி வெளியே போ’ என்று அதட்டுவார்கள், அதட்டலோடு சரி. அங்கே தலை போய்விடும். தலைவர் வீட்டு நிலைப்படியில் வேண்டுமென்றே கால் வைத்தவனை வெளியே இழுத்துப்போய் வெட்டுவார்கள். தெரியாமல் வைத்தவனும் தப்பினால் அதிர்ஷ்டம்தான். கூடாரத்துக் குழந்தைகள் நடக்கப் பழகும்போதே படியைத் தாண்டப் பழகிவிடும். ஆகோத்தாவும் பழகியிருந்தாள், சாயப்பானையைத் தலையில் வைத்துக்கொண்டும் தாண்டுவாள், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டும் தாண்டுவாள், ஒரு நாளும் தவறியதில்லை.

பிள்ளை ஓடியாடும் வயதுக்கு வந்தபோது மேற்கிலிருந்து லாம்பெர்ட் என்ற துறவி வந்து சேர்ந்தான். போப்பாண்டவரின் கடிதத்தை எடுத்துக்கொண்டு கானின் சபைவரை போய், ‘முதலில் நீங்கள் எல்லோரும் வந்து மண்டியிடுங்கள், மற்றதைப் பிறகு பேசலாம்’ என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்புகிற வழி அது. தட்டுத்தடுமாறி அவனுக்கு ஹங்கேரி பாஷையும் வந்தது, ஏதோ மடத்தில் கற்றது. அல்தானி அவனை உட்காரவைத்துப் புளித்த குதிரைப்பால் கொடுத்தாள். “உங்க பெரிய குருவுக்கு ஐந்நூறு வயசாமே, நிஜமா?” என்று கேட்டாள். அவன் இல்லை என்றதும் அவளுக்கு அந்தக் குருவிடம் இருந்த மரியாதை கொஞ்சம் குறைந்தது. அங்கே இருந்தவர்களுக்கு மேற்கைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான், மேற்கில் இருந்தவர்கள் இவர்களுக்கு நாய்த்தலை என்று நம்பிக்கொண்டிருந்தார்கள், ஆக இரண்டு பக்கமும் கணக்கு நேர்.

லாம்பெர்ட் பிடித்துவரப்பட்டவர்களை விட்டுவிடும்படி கெஞ்சினான். அல்தானி யோசித்து, சாயக்காரியைக் கூட்டிக்கொண்டு போ என்றாள். ஆகோத்தா பிள்ளையைக் காட்டினாள். அல்தானி தலையை அசைத்தாள். “நீ வந்தவ, நீ போகலாம். அது இங்க பிறந்தது.”

ஆகோத்தா போவதென்று முடிவு செய்தாள். இதைக் கேட்டு யாரும் முகம் சுளிக்க வேண்டாம். ஏழு கடல் தள்ளியிருந்தாற்போல் இருந்த வீட்டின் வாசல் திடீரென்று திறந்தால் உங்களுக்கும் எனக்கும் புத்தி எப்படிப் போகுமோ யாருக்குத் தெரியும். முதலில் போய், அங்கே பெரிய மனிதர்கள் காலைப் பிடித்து, பிள்ளைக்காகத் தூது அனுப்பச் சொல்லலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், அது நடக்காது என்பதும் அவளுக்குத் தெரியும். மூட்டையைக் கட்டினாள். பிள்ளை அடுப்புக்கு அப்பால் உட்கார்ந்து ஆட்டு முட்டி எலும்புகளை வைத்து விளையாடிக்கொண்டிருந்தது. அம்மா பானையோடு வெளியே போகிறாள், வருவாள் என்றிருந்தது.

திஸா ஆற்றங்கரையில் ஒரு வழக்கம். நெடும்பயணம் போகிறவர்கள் வாசற்படி மேல் இரண்டு காலையும் ஊன்றி நின்று, வீட்டைத் திரும்பிப் பார்த்து, மனதுக்குள் உத்தரவு கேட்டுக்கொண்டு கிளம்புவார்கள். அத்தனை வருஷம் படியைத் தாண்டித் தாண்டிப் பழகிய கால், ஊருக்குப் போகிறோம் என்றதும் ஊர்க் காலாகிவிட்டது. ஆகோத்தா நிலைப்படி மேல் ஏறி நின்று, உள்பக்கமாகத் திரும்பி, பிள்ளையைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் காலை எடுத்தாள். கால் வரவில்லை.

அவ்வளவுதான் நடந்தது. இடியும் இடிக்கவில்லை, காற்றும் வீசவில்லை. காவல்காரர்கள் ஓடிவந்து தோளைப் பிடித்து இழுத்தார்கள், தூக்கினார்கள், தோல்செருப்பை அறுத்து எடுத்துப் பார்த்தார்கள், வெறுங்காலும் படியோடு படியாக இருந்தது. வலிக்கிறதா என்று கேட்டார்கள், வலிக்கவில்லை என்றாள். சாமியாடி ஜிர்கோ வந்து புகை போட்டார். பக்கத்துக் கூடாரத்துக் கிழக்குக் கிறிஸ்தவச் சபைப் பாதிரி சிலுவையை நனைத்த தண்ணீரைத் தெளித்தார். உப்பு விற்க வந்திருந்த சமர்கந்து வியாபாரி ஏதோ ஓதி ஊதினார். லாம்பெர்ட்டும் தன் பங்குக்குத் தெளித்தான். தெளித்ததில் அவள் ஈரமானாள். மற்ற மூவரும் அடுத்தவர் செய்ததால்தான் தம்முடையது பலிக்கவில்லை என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தபோது லாம்பெர்ட் வண்டியைக் கிளப்பச் சொல்லிவிட்டான். அவனைக் குற்றம் சொல்லலாம், நான் பல தடவை சொல்லியிருக்கிறேன், ஆனால் வெட்டுக்கத்தி வைத்த காவல்காரர்கள் நடுவில் நின்றுகொண்டு சொல்வது வேறு. வண்டிச் சத்தம் முதுகுப் பக்கம் தேய்ந்து போவதை ஆகோத்தா கேட்டுக்கொண்டு நின்றாள். அப்போதுதான் பிள்ளை எழுந்து வந்து அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு, பசிக்கிறது என்றது.

சட்டப்படி அவளை வெட்டியாக வேண்டும். வெட்டுவது வெளியே நடக்க வேண்டும், அவள் வெளியே இல்லை. நிலைப்படியில் ரத்தம் விழுந்தால் குடியே நாசம். படியை அறுத்து எடுக்கலாம் என்று ஒருவன் சொன்னான், அது எசமானியின் அப்பன் வீட்டு நிலை என்று இன்னொருவன் அவன் வாயை அடைத்தான். கடைசியில் அல்தானி தீர்ப்பு சொன்னாள்: “காலை எடுக்கிற அன்னிக்குத் தலையை எடுங்க. அதுவரைக்கும் நிக்கட்டும்.” எல்லோருக்கும் நிம்மதியாகிவிட்டது, ஆட்டைக் கறக்கப் போனார்கள்.

ஒரு கூடாரத்தில் வாசலை மறித்துக்கொண்டு ஒருத்தி நின்றால் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள்? பழகிப்போகும். முதல் வாரம் அவளைத் தாண்டிப் போக வெட்கப்பட்டு ஒதுங்கி நின்றவர்கள் பிறகு வலப்பக்கமாக உள்ளே வருவது, இடப்பக்கமாக வெளியே போவது என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். குளிர்காலம் வந்ததும் கதவுக் கம்பளியை நடுவில் பிளந்து அவள் உடம்புக்கு ஏற்றபடி தைத்தார்கள். அவள் முகம் உள்ளே சூடாக இருந்தது, முதுகு வெளியே பனியில் இருந்தது, முதுகுக்கு ஆட்டுத்தோல் போர்த்தினார்கள். குந்தி உட்காரலாம், நிலைக்காலில் சாய்ந்து தூங்கலாம். மற்ற சங்கதிகளை நீங்கள் கேட்க வேண்டாம், அதற்கும் ஓர் ஏற்பாடு செய்துகொடுத்தார்கள். சாயப்பானைகளை அவள் முன்னால் கொண்டுவந்து வைத்தார்கள், நின்ற இடத்திலிருந்தே சிவப்பு எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று சொல்லி வேலை வாங்கினாள். கூடாரம் பெயரும்போது நிலையை அவளோடு சேர்த்துத் தூக்கி வண்டியில் நிறுத்தினார்கள். புல்வெளி நடுவே சுவரும் கூரையும் இல்லாத ஒரு வாசலும் அதில் ஒரு பெண்பிள்ளையும் மாடுகளின் பின்னால் ஆடியாடிப் போவதைப் பார்த்து வழியில் வந்த அன்னியர்கள் கும்பிடு போட்டார்கள், அது எந்த ஊர்ச் சாமியாக இருந்தால் என்ன என்று. வண்டி எவ்வளவு குலுங்கினாலும் அவள் விழுந்ததில்லை.

பிறகு இன்னொன்று நடந்தது. இரண்டு அண்ணன் தம்பிகள் ஒரு பெண்குதிரைக்காக வழக்காடி வந்தார்கள், குதிரையை அவிழ்த்துப் போனது யார் என்று கேள்வி. ஆகோத்தா, இரண்டு பேர் பேசியதையும் முதுகுப்பக்கம் கேட்டேன் என்று, கேட்டதை அப்படியே சொன்னாள். சின்னவன் ஒத்துக்கொண்டான். சாமியாடி ஜிர்கோ அதைப் பிடித்துக்கொண்டார்: அவள் உள்ளே உள்ளவளும் இல்லை, வெளியே உள்ளவளும் இல்லை, எந்தப் பக்கத்துக்கும் ஆள் இல்லாதவள் எதற்காகப் பொய் சொல்லப் போகிறாள்? படி பொய்யைத் தாங்காது, பொய் சொன்னால் அவளை அப்பவே உதறிவிடும். அன்றிலிருந்து படி மேல் சொன்ன சொல்லுக்கு மறு சொல் இல்லை என்றாகிவிட்டது. காணாமல் போன ஆடு, கலைந்துபோன சம்பந்தம், யார் முதலில் கை ஓங்கியது என்பதெல்லாம் அவள் வாயிலிருந்து வந்தால் தீர்ந்தது. எங்கிருந்தோ பிடித்து வந்த ஓர் அடிமைப் பெண்ணின் வார்த்தைக்காக மூன்று நாள் சவாரித் தூரத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவளும் பொய் சொல்லவில்லை. சொல்ல அவசியம் வரவில்லை.

இதற்கிடையில் அடுப்புக்கு அப்பால் எலும்பு வைத்து விளையாடிய பிள்ளை வளர்ந்தது. ஆகோத்தா உள்பக்கம் பார்த்து நின்றபடியால் அது வளர்வதை ஒரு நாள் விடாமல் பார்த்தாள். பால் கடைவதைப் பார்த்தாள், சிரிப்பதைப் பார்த்தாள், காய்ச்சலில் கிடந்தபோது கை எட்டாத தூரத்தில் நின்று பார்த்தாள். அந்தக் காய்ச்சல் நாட்களில் அவள் படியைப் பிய்த்துவிடுவதுபோல் காலை இழுத்து இழுத்து, குரல் போகிறவரைக்கும் அழுதாள். பிள்ளை வெளியே போய்விட்டால் மட்டும் பார்க்க முடியாது, கழுத்தைத் திருப்பினால் தோள்வரைதான் திரும்பும். விலோ அதைத் தெரிந்துகொண்டு, வெளியே இருந்தால் ஏதாவது சத்தம் கொடுத்துக்கொண்டே இருப்பாள், பாட்டோ, சீட்டியோ, சும்மா நாயைத் திட்டுவதோ.

ஒரு நாள் அம்மாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது கேட்டாள். “அம்மா, அன்னிக்கு நீ என்னை விட்டுட்டுப் போகத்தானே கிளம்புன?”

“ஆமா.”

“அப்புறம் எதுக்குத் திரும்பிப் பார்த்த?”

“எங்க ஊர் வழக்கம்.”

“வழக்கம் மட்டும்தானா?”

“தெரியலடி. எனக்கே தெரியல.”

விலோ சீப்பை வைத்துவிட்டு எழுந்து போனாள். சில நாள் பாலை வேறொருத்தி கொண்டுவந்து கொடுத்தாள். வெளியே இருந்து பாட்டு வரவில்லை, சீட்டி வரவில்லை. ஆகோத்தா அதற்குக் கோபப்படவில்லை. பிறகு ஒரு காலையில் விலோ வந்து, பாதியில் விட்ட பின்னலை முடித்துக் கட்டிவிட்டுப் போனாள்.

அல்தானியின் தம்பி ஒருவன் நோயாகி அக்காள் கூடாரத்துக்கு வந்து சேர்ந்து, அங்கேயே இறந்தான். இறந்தவர்களை வாசல் வழியாகக் கொண்டுபோகக் கூடாது. கூடாரத்தின் பின்பக்கக் கம்பளியை அவிழ்த்து, தட்டியைத் தூக்கி, சுவர் வழியாக வெளியே எடுத்தார்கள். ஆகோத்தாவுக்கு நேர் எதிரே, அத்தனை வருஷம் கம்பளிச் சுவர் இருந்த இடத்தில், ஒரு துண்டுப் புல்வெளி தெரிந்தது. பிணம் போன பிறகு அவன் பெயரை யாரும் சொல்லவில்லை. போன வழியைத் திரும்பிப் பார்க்கக் கூடாது, பின்னால் போகக் கூடாது, தீட்டுக் கழிகிறவரைக்கும் வெளியாள் அந்தக் கூடாரத்துக்குள் கால் வைக்கக் கூடாது. அன்று மாலை அல்தானி அடுப்பெதிரே தனியாக உட்கார்ந்து ரொம்ப நேரம் ஆகோத்தாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீ இறங்குற அன்னிக்குத் தலையை எடுக்கச் சொன்னேன் இல்ல.”

“ஆமாம்மா.”

“வேண்டாம். இறங்குனா மேற்கே போ. யாரும் தடுக்க மாட்டாங்க.”

“விலோ?”

“அது சட்டம். நான் போட்டதில்ல.”

மறு வருஷம் அந்தச் சட்டத்தின் பேரிலேயே விலோவுக்குச் சம்பந்தம் பேசினார்கள். கிழக்கே, போகவே மாதக்கணக்காகும் தூரத்தில் இருந்த போரோல் என்பவரின் குடும்பம், மாப்பிள்ளை அவருடைய அண்ணன் மகன், பெண்டாட்டியை அடித்தே தொலைத்தவன் என்று ஊருக்கெல்லாம் தெரிந்தவன். விலோ மாட்டேன் என்றாள். கன்றுக்குட்டி மாட்டேன் என்று சொன்னால் யார் கேட்கிறார்கள். அல்தானிக்கும் பிடிக்கவில்லை, ஆனால் போரோலோ கானின் படைத்தலைவர்களுக்கு உறவு, மறுத்தால் ஆயிரம் குடும்பத்துக்கும் கேடு. ஓடிப்போகலாமென்றால், வழிநெடுகக் குதிரைமாற்றும் சாவடிகள் இருந்தன, காற்றைவிட முன்னால் செய்தி போய்ச் சேர்ந்துவிடும்.

பெண்ணை அழைத்துப்போகப் போரோல் ஆட்களோடு வந்து இறங்கிய சமயத்தில்தான், போப்பாண்டவரின் இன்னொரு கடிதத்துக்கு இன்னொரு முறை அதே பதிலை வாங்கிக்கொண்டு, லாம்பெர்ட் திரும்பி வந்தான். முன்பற்கள் போயிருந்தன, தாடி நரைத்திருந்தது. நிலைப்படியில் அவளைப் பார்த்ததும் அழுதான். உள்ளே வந்து அவள் முகத்துக்கு எதிரே நின்றான்.

“சாமி, அன்னிக்கு என்னைக் கூட்டிட்டுப் போறதா வாக்குக் குடுத்தீங்க.”

“குடுத்தேன். உன்னாலதான் வர முடியல, ஆகோத்தா.”

“அந்த இடம் இன்னும் காலியாத்தான் இருக்கு. என் பொண்ணு வருவா.”

“அவங்க குதிரையில துரத்திட்டு வந்தா நான் என்னம்மா செய்வேன். எனக்கு இருக்கிறது ஒரே ஒரு கழுத்து.”

“செத்தவளை யாரும் துரத்திட்டு வர மாட்டாங்க, சாமி.”

அவன் அவளை உற்றுப் பார்த்தான். அவள் எதிர்ச்சுவரைக் கண்ணால் காட்டினாள். போன தடவை அவளை விட்டுவிட்டுப் போன நாளிலிருந்து அவன் நிம்மதியாகத் தூங்கியதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது, இல்லாவிட்டால் அவ்வளவு பயந்தவன் சரி என்று சொல்லியிருக்க மாட்டான். நாளைக்குப் பால் தெளிக்கும் சடங்கு, எல்லோரும் குதிரைகள் பக்கம் போய்விடுவார்கள், வடக்கே மேட்டுக்குப் பின்னால் வண்டியோடு நிற்கிறேன் என்றான்.

மறுநாள் பகலில், புதுப்பாலை வானத்துக்கும் பூமிக்கும் தெளிக்க ஊர் முழுக்கக் கிழக்குப் பக்கம் திரண்டு நின்று கூவிக்கொண்டிருந்தபோது, விலோ கூடாரத்துக்குள் அம்மாவின் எதிரே நின்றாள். கல்யாண உடுப்பைக் கழற்றி மடித்து வைத்திருந்தாள்.

“நீயும் வா.”

“கால் வரணுமே.”

“வராதா?”

“இதுவரைக்கும் வரல. இங்க பாரு, வாசல் வழியா நீ போகலன்னு சொல்ல ஒரு ஆள் வேணும். என் சொல்லைத்தான் அவங்க நம்புவாங்க.”

“நான் உயிரோட இருக்கேன்னு உனக்கு எப்படித் தெரியும்? தினம் சீட்டியடிக்க நான் இங்க இருக்க மாட்டேனே.”

ஆகோத்தா பெண்ணின் முகத்தைக் கையில் ஏந்தி, கன்னம், நெற்றி, காதுமடல் என்று ஒவ்வொன்றாகத் தடவினாள், சாயத்தில் ஊறிச் சிவந்த விரல்கள். “போற வழியில் ஒரு ஆறு வரும். பெரிய ஆறு இல்ல. கரையில் எங்க வீடு இருந்த இடத்தில் இப்ப வேற யாராவது இருப்பாங்க. இருந்தா பரவால்ல, அவங்ககிட்ட தண்ணி வாங்கிக் குடி” என்றாள். விலோ அழுதுகொண்டே போய்ப் பின்கம்பளியை அவிழ்த்தாள், தட்டியைத் தூக்கினாள். புல்வெளி தெரிந்தது. திரும்பிப் பார்க்காமல் போ என்று அம்மா சொன்னாள். விலோ திரும்பிப் பார்க்கவில்லை. சுவர் வழியாக இறங்கி, நேரே, சிறிதாகிக்கொண்டே போனாள். இறந்தவர்களைத் தவிர யாரும் போகாத வழியில் தன் பெண் நடந்து போவதை ஆகோத்தா கண்கொட்டாமல் பார்த்தாள்.

பெண்ணைக் காணோம் என்று முதலில் தெரிந்துகொண்டது போரோலின் ஆட்கள்தான். கூச்சலோடு வாசலுக்கு வந்தார்கள், அவளைத் தாண்டி எட்டிப் பார்த்து, பின்சுவர் திறந்து கிடப்பதைக் கண்டதும் பாம்பை மிதித்தவர்கள்போல் பின்வாங்கினார்கள். அல்தானி வந்தாள், சாமியாடி ஜிர்கோ வந்தார், ஊர் வந்தது. தீட்டுப் பட்ட கூடாரத்துக்குள் கால் வைக்க ஒருவரும் துணியவில்லை. எல்லோரும் ஆகோத்தாவின் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள்.

“பொண்ணு ஓடிட்டா” என்றார் போரோல். “குதிரைங்களை எடுங்கடா.”

“சுவர் வழியாப் போனவ ஓடினவளா?” என்று ஜிர்கோ கேட்டார். “சுவர் வழியாப் போனா அது சாவுதான். மூச்சு இருக்கா இல்லையாங்கிறது ரெண்டாவது. செத்தவளைத் துரத்திப் பிடிச்சுட்டு வந்து கட்டிவைக்கப் போறீங்களா?”

ஆட்கள் தயங்கினார்கள். போரோல் விடவில்லை. அவர் ஆகோத்தாவின் முதுகைப் பார்த்துக் கேட்டார். “அம்மா, நீ படி மேல நிக்கிற. அவ உன்னைத் தாண்டி வாசல் வழியாப் போனாளா?”

“போகல.”

“சுவரைத் திறந்தது யாரு?”

“செத்தவங்களுக்குத் திறக்கிற சுவர் அது. திறந்துச்சு.”

“நீ பார்த்தியா? அவ செத்ததை உன் கண்ணால பார்த்தியா?”

அத்தனை வருஷம் அந்தப் படி மேலிருந்து அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அந்தக் கேள்விக்குப் பின்னால் வரிசையாக நின்றது. இல்லை என்று சொன்னால் இப்போதே குதிரைகள் கிளம்பும் என்று ஆகோத்தாவுக்குத் தெரிந்தது.

“பார்த்தேன்” என்றாள்.

போரோல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். குதிரைகளை எடுக்கப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். இரண்டு நெருப்புக்கு நடுவே எல்லோரும் நடந்து தீட்டைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்று ஜிர்கோ சொன்னார், நெருப்புக்குக் காய்ந்த சாணி பொறுக்கப் பெண்கள் போனார்கள், செசெக் என்ற பெயரை இனி யாரும் சொல்லக் கூடாது என்று பெரியவர்கள் சின்னவர்களுக்குச் சொன்னார்கள். அந்தக் கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவே ஆகோத்தாவின் வலது பாதத்தில் குளிர்ந்த காற்றுப் பட்டது. அத்தனை வருஷமாகக் காற்றுப் படாத உள்ளங்கால். பிறகு இடதிலும் பட்டது. விரல்களை மடக்கினாள், மடங்கின.

அவளைத் தடுக்க யாரும் இல்லை, தலைக்கும் ஆபத்தில்லை. வெளியே இறங்கி மேட்டைச் சுற்றிக்கொண்டு ஓடினால் பொழுது சாய்வதற்குள் வண்டியைப் பிடித்துவிடலாம். ஆனால் அவள் இறங்கினால், படி அவளை உதறிவிட்டது என்று ஊருக்குத் தெரியும். அவள் பொய் சொல்லிவிட்டாள் என்று தெரியும். செத்தவள் செத்தவளாக இருக்க மாட்டாள், குதிரைகள் கிளம்பிவிடும். போரோலின் ஆட்கள் இன்றைக்குப் போவார்கள், நாளைக்கு வேறு வழக்கோடு வருவார்கள், அவர்கள் உறவுக்காரர்கள் வருவார்கள், புல் முளைக்கிற காலமெல்லாம் யாராவது வந்து அந்தப் படியில் அவள் நிற்கிறாளா என்று பார்ப்பார்கள்.

எதிரே, அவிழ்ந்து குவிந்து கிடந்த கம்பளிக்கு மேலாக, வடக்கு மேட்டுக்கும் அப்பால் இன்னொரு தூரத்து மேட்டில் வண்டி ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. அதன் கூண்டின் உச்சி மட்டும் தெரிந்தது. ஆகோத்தா இன்னும் கொஞ்சம் நன்றாகப் பார்க்க நினைத்தாள். வண்டியின் பின்பலகையில் ஒருத்தி இந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தாள்.

அவள் முதுகுக்குப் பின்னால், மிக அருகில், அல்தானி தன் அகலமான உடம்பால் வாசலை மறைத்துக்கொண்டு வந்து நின்றாள். மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னாள்.

“குதிகாலைக் கீழ வை, ஆகோத்தா. அவங்க இன்னும் போகல.”

எக்கி நிற்பது அதுவரை ஆகோத்தாவுக்கே தெரிந்திருக்கவில்லை. குதிகால்களை மெதுவாக இறக்கிப் படியில் வைத்தாள். வண்டி கம்பளிக்குப் பின்னால் மறைந்தது.